ஒரே வயிற்றுப் பிள்ளைகள், இரண்டு ஷோரூம்கள்

"மாமா, ரெண்டும் ஒரே ஃபேக்டரியில செய்யறதுதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு ஷோரூம்?"

அக்கா மகன் இதைக் கேட்டபோது கொச்சியின் கொச்சங்காடியில் எங்கள் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தோம். அவன் கையில் நிசான் மேக்னைட்டின் விளம்பரத் தாள். என் மருமகளான அவன் மனைவியின் கைப்பையில் ரெனோ கைகரின் தாள். மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சு. கீழ்வீட்டு இக்கா மட்டும் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ரெண்டும் ஒந்நு தன்னே." எது விலை குறைவோ அதை வாங்கிவிட்டு வேலையைப் பார் என்று அர்த்தம். அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மிச்சமிருக்கும் கால்வாசியைத்தான் நான் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முதலில், இந்த வண்டிகள் எல்லாம் ஏன் ஒரே அளவில் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இவற்றின் அளவைத் தீர்மானித்தது வரைபட மேசை இல்லை, வரிச் சட்டம். ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு மிகாத சிறிய கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி, அதற்கு மேல் போகக்கூடாது. அன்று முதல் இந்தியக் கார் உலகத்தில் 4 மீட்டர் என்பது லட்சுமணன் கோடு. செடான் கார்களின் பின்பக்கத்தைக் கத்தரித்து அதற்குள் அடக்கினார்கள். பிறகு ஜீப் மாதிரி உயர்ந்து நிற்கும் வண்டிகளையும் அடக்கப் பார்த்தார்கள். பத்மினி காரைச் செய்த பிரீமியர் நிறுவனம் 2009-இல் ரியோ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது சீன நிறுவனம் ஒன்றின் வண்டி, அந்தச் சீன வண்டியோ ஜப்பானிய டைஹாட்சு டெரியோஸின் வழிவந்தது. அதாவது இந்த வகையின் முதல் குழந்தையே இரவல் குழந்தைதான். 2013-இல் மறைமலைநகரில் ஃபோர்டு செய்த ஈகோஸ்போர்ட் 3,999 மி.மீ. நீளத்தில் வந்து, ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கோட்டைத் தொட்டு நின்றது. சந்தை சூடு பிடித்தது அதற்குப் பிறகு. 2016-இல் மாருதி விட்டாரா ப்ரெஸ்ஸா, 2017-இல் டாடா நெக்ஸான், 2019-இல் ஹூண்டாய் வென்யூ என்று வரிசை நீண்டது.

ஜிஎஸ்டி வந்த பிறகும் கோடு அழியவில்லை. 2017-இல் சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் அதன் மேல் 1 சதவீத செஸ்ஸும், டீசலுக்கு 3 சதவீத செஸ்ஸும் என்று ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய்விட்டது. கோட்டுக்குள் இருப்பவற்றுக்கு 18 சதவீதம், கோட்டைத் தாண்டியவற்றுக்கு 40. எட்டு லட்சத்துக்கு விற்ற பெட்ரோல் வண்டியில் அந்த ஒரு நாளில் ஏறத்தாழ 68,000 ரூபாய் குறைய இடம் உண்டு. கோட்டின் இந்தப் பக்கம் இருப்பதற்குக் கிடைக்கும் லாபம் இப்படி என்றால், எந்தக் கம்பெனிதான் அந்தப் பக்கம் போகும்? அதனால்தான் மேக்னைட் 3,994 மி.மீ., கைகர் 3,991, மாருதி ஃப்ராங்ஸ் 3,995, வென்யூவும் கியா சோனெட்டும் 3,995. ஒரே தையல்காரரிடம் அளவு கொடுத்த பள்ளிச் சீருடைகள் போல.

அளவு ஒன்றாகிவிட்டால், அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற ஆசை கம்பெனிகளுக்கு வருவது இயல்பு. ஒரு புதிய அடித்தளத்தை உருவாக்கிச் சோதித்துத் தேற்ற ஆகும் செலவு மிகப் பெரிது, விற்கும் விலையோ ஏழு எட்டு லட்சம். ஒரே அடித்தளத்தில் இரண்டு பெயர், இரண்டு முகம், இரண்டு கடை வைத்தால் செலவு பாதியாகும், வாடிக்கையாளர் இரட்டிப்பாவார். கணக்கு அவ்வளவுதான். ஆனால் எந்த அளவுக்கு ஒன்று, எந்த இடத்தில் பிரிகிறது என்பதில் வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு. நம் ஊர் உறவு முறையில் சொன்னால் சிலர் இரட்டைப் பிள்ளைகள், சிலர் அண்ணன் தம்பி, சிலர் வெறும் பங்காளிகள்.

அச்சு அசலான இரட்டை என்றால் மாருதியும் டொயோட்டாவும்தான். 2018 மார்ச்சில் சுஸூகியும் டொயோட்டாவும் இந்தியாவில் ஒருவருக்கொருவர் கார் கொடுத்து வாங்குவதென்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 2019-இல் பலேனோ கார் கிளான்ஸா ஆனது. 2020 செப்டம்பரில் விட்டாரா ப்ரெஸ்ஸா, அர்பன் க்ரூஸர் என்ற பெயரில் டொயோட்டா கடைக்குப் போனது. 2022-இல் மாருதி புதிய ப்ரெஸ்ஸாவைக் கொண்டுவந்ததும் அந்த அர்பன் க்ரூஸரின் கதை முடிந்தது. பிறகு 2023 ஏப்ரலில் வந்த ஃப்ராங்ஸ், 2024 ஏப்ரலில் டைசர் ஆனது. இரண்டையும் செய்வது குஜராத்தின் ஹன்சல்பூரில் உள்ள சுஸூகி ஆலை. பம்பர், கிரில், பகல் விளக்கு, அலாய் சக்கரம் தவிர மற்றதெல்லாம் ஒன்று. 1.2 லிட்டர் இன்ஜினும் ஒன்று, 100 குதிரைத்திறன் தரும் 1 லிட்டர் டர்போவும் ஒன்று, 308 லிட்டர் டிக்கியும் ஒன்று. வந்த நாளில் ஃப்ராங்ஸின் ஆரம்ப விலை 7.46 லட்சம், டைசருக்கு 7.73 லட்சம்.

அப்படியானால் டொயோட்டா முத்திரைக்கு ஏன் கூடுதல் காசு? கொஞ்ச காலம் அதற்கு நேரான பதில் ஒன்று இருந்தது. மாருதி 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்தபோது டொயோட்டா 3 ஆண்டு, 1 லட்சம் கிலோமீட்டர் கொடுத்தது. ஒரே இன்ஜினுக்கு ஒரு கடை இரண்டு வருடம் பொறுப்பேற்கிறது, இன்னொரு கடை மூன்று வருடம் ஏற்கிறது என்றால் வித்தியாசத் தொகை அந்த ஒரு வருடத்துக்கான காப்பு என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 2024 ஜூலையில் மாருதியும் 3 ஆண்டு, 1 லட்சம் என்று மாற்றிவிட்டது. அதன் பிறகு பதில் மெலிந்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது பெயர். கேரளத்தில் இன்னோவா ஓடாத ஊர் கிடையாது. அந்த மரியாதையின் நிழலில் டைசரும் நிற்கிறது.

பெயருக்குக் காசு கொடுப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். இதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்திய நும்மி என்ற ஆலையில் 1980-களின் இறுதியிலிருந்து டொயோட்டா கரோலாவும் ஜியோ ப்ரிஸமும் பக்கத்தில் பக்கத்தில் தயாராயின. அதே தொழிலாளிகள், அதே இன்ஜின். ஆனால் கரோலா கூடுதல் விலைக்கு விற்றது, பழையதாகி விற்கும்போதும் ப்ரிஸம்தான் வேகமாக விலை இறங்கியது. வணிகப் பள்ளிகளில் இதை முத்திரையின் மதிப்புக்குப் பாடமாகச் சொல்வார்கள். எனக்கு அது வேறு பாடமாகப் படுகிறது: புதிதாக வாங்கி நாலு வருடத்தில் விற்பவன் கரோலாவை வாங்கியிருக்க வேண்டும். பழையதாக வாங்கிப் பத்து வருடம் ஓட்டுபவன் ப்ரிஸத்தை வாங்கியிருக்க வேண்டும், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. (அந்த ஆலையில்தான் பின்னால் டெஸ்லா குடியேறியது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத செய்தி, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

பங்காளிகள் என்று நான் சொன்னது ஹூண்டாயையும் கியாவையும். 1998-இல் கியாவை ஹூண்டாய் வாங்கியது. வீடு ஒன்றானாலும் அடுப்பு தனி. 2019 மே மாதம் வந்த வென்யூ சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் உருவானது, 2020 செப்டம்பரில் வந்த சோனெட் ஆந்திரத்தின் அனந்தபூர் பக்கம். நீளம் 3,995, சக்கரங்களுக்கு இடையே 2,500 மி.மீ., அப்போது இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் உள்ளே பாகம் பிரித்த விதம் வேறு. சோனெட்டில் டிக்கிக்குக் கூடுதல் பங்கு, பின் இருக்கையில் முட்டிக்குக் குறைந்த பங்கு. அப்பா விட்டுப்போன பத்து சென்ட்டில் அண்ணன் முற்றம் பெரிதாக வைத்துக் கட்டுவான், தம்பி அறையைப் பெரிதாக வைத்துக் கட்டுவான். அதுபோல. இன்னொரு வினோதம், டீசலில் ஆட்டோமேட்டிக் கியர் சோனெட்டுக்கு முதல் நாளே கிடைத்தது. அதே இன்ஜினை வைத்திருந்த வென்யூவுக்கு அது வர 2025 நவம்பரில் புதிய தலைமுறை வர வேண்டியிருந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் வியாபாரத்தை ஒருவர் கெடுக்காதபடி பெற்றவர்கள் போட்டுவைத்த வேலி அது. டீசல் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றிருந்தவருக்கு அந்த ஐந்து வருடமும் தேர்வு என்ற பிரச்சினையே இருந்ததில்லை.

இப்போது வீட்டில் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். மேக்னைட்டும் கைகரும் இரட்டையுமில்லை, பங்காளியுமில்லை. எலும்பு ஒன்று, தோல் வேறு. காஞ்சிபுரம் பக்கம் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கூட்டணி ஆலை 2010-இல் திறந்தது. உடன்பிறப்புகளை அடுத்தடுத்துப் பெற்ற ஆலை அது. 2012-இல் ரெனோ டஸ்டர், அடுத்த வருடம் அதன் நிசான் வடிவமான டெரானோ. மைக்ராவுக்கு ஒரு பல்ஸ், சன்னிக்கு ஒரு ஸ்காலா. க்விட், ட்ரைபர் என்று ரெனோ வளர்த்த அடித்தளத்தின் நீட்சியில்தான் மேக்னைட் பிறந்தது. அதை முதலில் டாட்சன் பெயரில் விற்க நினைத்திருந்தார்கள். டாட்சன் தள்ளாடியதால் நிசான் என்று பெயர் வைத்து 2020 டிசம்பர் 2-ஆம் தேதி 4.99 லட்சத்துக்கு இறக்கினார்கள். கைகர் 2021 பிப்ரவரி 15-இல் 5.45 லட்சத்துக்கு வந்தது.

இரண்டிலும் 999 சிசி, மூன்று சிலிண்டர். சாதா இன்ஜின் 72 குதிரைத்திறன், டர்போ 100. டர்போவில் மேனுவல் கியர் என்றால் 160 நியூட்டன்மீட்டர் இழுவிசை, சிவிடி ஆட்டோமேட்டிக் என்றால் 152. தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் 205 மி.மீ., பெட்ரோல் டேங்க் 40 லிட்டர். வேறுபாடு என்று காகிதத்தில் எழுதினால், கைகரின் டிக்கி 405 லிட்டர், மேக்னைட்டுக்கு 336. கைகரில் ஈகோ, நார்மல், ஸ்போர்ட் என்று ஓட்டும் விதத்தை மாற்றும் வசதி உண்டு. மேக்னைட்டின் உயர் வகைகளில் நாலு பக்கமும் காட்டும் கேமரா முதலிலிருந்தே இருந்தது, கைகருக்கு 2025 ஆகஸ்ட்டில் முகம் மாற்றியபோதுதான் வந்தது. சாதா இன்ஜினோடு வரும் ஏஎம்டி கியர் கைகரில் ஆரம்பத்திலேயே இருக்க, மேக்னைட்டுக்கு 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெரிந்த வேலிதான் இங்கும்.

பாதுகாப்புச் சோதனையில் 2022-இல் குளோபல் என்கேப் இரண்டுக்கும் பெரியவர்களுக்கு 4 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 2 என்று கொடுத்தது. 2025-இல் ஆறு ஏர்பேக் கொண்ட மேக்னைட்டுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 கிடைத்தது. அதைக் காட்டி "கைகருக்கும் அதே எலும்புதானே, அப்ப அதுக்கும் அஞ்சுதான்" என்றாள் மருமகள். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. நட்சத்திரம் மோதவிட்ட வண்டிக்குத்தான். ஏர்பேக் எத்தனை, பெல்ட் என்ன மாதிரி, எந்த வருடத்து வண்டி என்பது வரை பார்த்தே எண்ண வேண்டும்.

இவ்வளவையும் ஒரு மாலை முழுக்க எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. மேக்னைட்டுக்கும் கைகருக்கும் நடுவே இருக்கும் தூரத்தைவிட, மேக்னைட்டின் அடி வகைக்கும் உச்ச வகைக்கும் நடுவே இருக்கும் தூரம் பல மடங்கு அதிகம். 72 குதிரைக்கும் 100 குதிரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி மூன்று வாரத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிரில் அழகா, விளக்கு அழகா என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு ஊர் தேனிப் பக்கம். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஐந்து பேர், மூன்று பெட்டி, ஒரு சிப்பம் முந்திரியோடு குமுளி வழியாகவோ மூணாறு போடிமெட்டு வழியாகவோ ஏறி இறங்க வேண்டும். கொச்சி முழுக்கச் சமதளம், 72 குதிரை இங்கே தாராளம். மலை ஏறும்போது அந்த இன்ஜின் இரண்டாம் கியரில் முனகும், ஏசியை நிறுத்தச் சொல்லும். டர்போவில் அந்தத் தொல்லை இல்லை. முத்திரையைத் தேர்ந்துவிட்டு, காசு போதாமல் இன்ஜினில் இறங்கி வருவதைவிடப் பெரிய தவறு இந்தக் கணக்கில் வேறில்லை என்று எனக்குப் படுகிறது. ஊரிலிருந்து இரண்டு முறை இப்படி மலை ஏறியவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

அதற்குள் வரி குறுக்கே வந்தது. கேரளத்தில் 2023 முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், 10 முதல் 15 லட்சத்துக்கு 15. டர்போ ஆட்டோமேட்டிக்கின் உச்ச வகைகள் பத்து லட்சத்தை ஒட்டியே நிற்கின்றன. 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700. 10.10 லட்சம் வண்டிக்கு 1,51,500. ஷோரூம் விலையில் இருபதாயிரம்தான் வித்தியாசம் என்று நினைப்போம், கையிலிருந்து போவது 42,800. தமிழ்நாட்டில் இந்தப் படி இன்னும் செங்குத்து, 13-இலிருந்து ஒரே தாவில் 18. இரண்டில் எது இந்தப் படிக்குக் கீழே நிற்கிறது என்பது மாதத்துக்கு மாதம், தள்ளுபடியைப் பொறுத்து மாறும். ஆகவே எக்ஸ்-ஷோரூம் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடாதே, இரண்டு கடையிலும் ஒரே நாளில், ஒரே வகைக்கு ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கு என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னதும் விலை ஒருமுறை இறங்குவதை இருவரும் நேரில் பார்த்தார்கள்.

இனி கொச்சங்காடி. எங்கள் பகுதி பழையது. இங்கே 1344-இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடம் இன்றில்லை, அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரியின் பரதேசி ஜூதப்பள்ளியில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தெருக்கள் தலைச்சுமைக்கும் கைவண்டிக்கும் போட்டவை. ஒரு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரில் இடிக்கும். எங்கள் சந்து முனையை டேப் வைத்து அளந்தோம். மின்கம்பத்துக்கும் எதிர் மூலைக்கும் நடுவே 2 மீட்டர் 30 சென்டிமீட்டர். மேக்னைட்டின் அகலம் 1,758 மி.மீ., கைகருக்கு 1,750. அந்த எட்டு மில்லிமீட்டருக்காக ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கண்ணாடிகளை விரித்தால் இரண்டு வண்டிக்கும் மேலும் ஒரு சாண் கூடும் என்பதை இருவருமே மறந்திருந்தார்கள். முனைக்கு வலது பக்கம் காணா என்று இங்கே சொல்லும் சாக்கடையின் மேல் போட்ட சிமென்ட் ஸ்லாப் ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சக்கரம் அதன் மேல் ஏறினால் வண்டி இடப்பக்கம் சாயும், கண்ணாடி கம்பத்தை முத்தமிடும்.

இந்த இடத்தில்தான் இக்காவின் "ஒந்நு தன்னே" உடைகிறது. இந்த இரண்டும் பகிர்ந்துகொள்பவை இன்ஜின், கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன். ஒழுங்காக ஆயில் மாற்றினால் இவை எளிதில் கெடா. கெட்டாலும் இரண்டு பெயர்களிலும் உதிரி கிடைக்கும், உள்ளூர் மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். ஆனால் எங்கள் சந்தில் வருடத்துக்கு இரண்டு முறை உடைவது பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, ஃபெண்டர். மேக்னைட்டிலும் கைகரிலும் வேறுபடுவது சரியாக இவையேதான். மேக்னைட் பம்பர் கைகருக்குப் பொருந்தாது. ஆக ஒன்றாக இருக்கும் பாகம் உடைவதில்லை, உடையும் பாகம் ஒன்றாக இல்லை. தெருவில் எது அதிகம் ஓடுகிறதோ அதன் வெளிப்பாகம்தான் கடையில் தயாராக இருக்கும், டிங்கரிங் பட்டறையிலும் பழையதொன்று தொங்கும். மற்றதற்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஃப்ராங்ஸுக்கும் டைசருக்கும் இந்தத் தலைவலி குறைவு, கதவும் கண்ணாடியும் பொது.

ஒரு விஷயம் அருகில் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கைகரில் பானெட்டை ஒட்டி மேலே இருப்பது பகல் விளக்கு. உண்மையான ஹெட்லைட் பம்பருக்குள், கீழே இருக்கிறது. மேக்னைட்டில் ஹெட்லைட் வழக்கமான உயரத்தில், கீழே பம்பரில் இருப்பது பகல் விளக்கின் கோடு. நல்ல சாலையில் இது வெறும் அழகுப் பிரச்சினை. எங்கள் பக்கத்தில் பஜார் ரோட்டிலிருந்து அரிசி மூட்டையோ சுக்கு மூட்டையோ ஏற்றிக்கொண்டு வரும் கைவண்டியின் இரும்பு முனை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கையை வைத்துப் பார்த்தேன். சரியாக அந்த ஹெட்லைட்டின் உயரம். வேலியேற்றம் என்று இங்கே சொல்லும் கடல் ஏற்ற நாட்களில் மேற்குக் கொச்சியின் தாழ்ந்த தெருக்களில் காணா வழியாக உப்புத் தண்ணீர் ஏறி வந்து நிற்கும். அப்போதும் முதலில் நனைவது கீழே இருக்கும் விளக்குதான். 205 மி.மீ. உயரம் இரண்டையும் காப்பாற்றும். ஆனால் அடியில் தெறித்த உப்பை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் எந்த முத்திரையும் துருவைத் தடுக்காது. வாங்கிய வாரத்திலேயே அடிப்பாகத்துக்குக் கோட்டிங் போட ஒரு தொகையை ஒதுக்கு என்று இரு தரப்புக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

அடுத்தது சர்வீஸ். ஷோரூம்களும் பெரிய சர்வீஸ் நிலையங்களும் பெரும்பாலும் அக்கரையில், இடப்பள்ளியிலிருந்து குண்டனூர் வரை பைபாஸை ஒட்டி இருக்கின்றன. தோப்பும்படி தாண்டிப் பாலம் ஏறி, வண்டியை விட்டுவிட்டுத் திரும்பினால் அரை நாள் போய்விடும். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ வந்ததால் திரும்பி வருவதாவது கொஞ்சம் இதமாக ஆயிற்று. இரண்டு கம்பெனிக்கும் கடைகள் எங்கே, அவற்றில் எது நம் பக்கத்துப் பாலத்துக்கு அருகே என்று வரைபடத்தை விரித்துப் பார்ப்பது, ஐந்து வீடியோ விமர்சனம் பார்ப்பதைவிடப் பயன் தரும். அதைவிடவும் பயன் தருவது, சர்வீஸ் நிலையத்தின் வாசலில் ஒரு சனிக்கிழமை காலை அரை மணி நேரம் நின்று, வண்டி எடுக்க வருகிறவர்களிடம் பில் எவ்வளவு என்று கேட்பது. அக்கா மகன் கூச்சப்பட்டான். மருமகள் கேட்டாள்.

கம்பெனி ஊரில் நிலைக்குமா என்பது இன்னொரு கேள்வி. ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது ஈகோஸ்போர்ட் வைத்திருந்த என் நண்பருக்கு வந்த கவலையை அருகிலிருந்து பார்த்தவன் நான். நிசான் உலகளவில் ஆலைகளை மூடிக்கொண்டிருக்கிறது. 2025-இல் ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனோவுக்கு விற்றுவிட்டது. இதைக் கேட்டதும் மருமகள் வெற்றிப் புன்னகையோடு பார்த்தாள். எனக்கு அது அவ்வளவு பயமாகத் தெரியவில்லை. ஆலை இருக்கிறது, அதில் மேக்னைட் தொடர்கிறது, வெளிநாடுகளுக்கும் போகிறது. புதிய டஸ்டரின் உறவாக டெக்டான் என்ற வண்டியை நிசான் அறிவித்திருக்கிறது. டஸ்டர்-டெரானோ கதை மறுபடியும் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எலும்பு ஒன்றாக இருப்பதன் நிஜமான நன்மை இங்கேதான். ஒரு பெயர் ஊரை விட்டுப் போனாலும் மற்றப் பெயரின் கடையில் கிளட்ச் கிடைக்கும். தனியாகப் பிறந்த ஈகோஸ்போர்ட்டுக்கு அந்த வசதி இல்லை. ரீசேல் மட்டும் அடி வாங்கும். பழைய கார் புரோக்கர் எலும்பைப் பார்த்து விலை சொல்வதில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்.

என் கருத்தைக் கேட்டார்கள், சொன்னேன். நாலைந்து வருடத்தில் மாற்றிவிடும் பழக்கமுள்ளவர்கள் இரண்டில் எதற்குப் பழைய கார் சந்தையில் மரியாதையோ அதை வாங்கலாம், கூடக் கொடுத்த காசில் ஒரு பங்கு திரும்பி வரும். இவர்களோ ஸ்கூட்டரைப் பதினோரு வருடமாக மாற்றாதவர்கள். இவர்களுக்கு முத்திரை வீண் செலவு. டர்போவை எடு, நாலு பக்கக் கேமரா உள்ள வகையை எடு, பத்து லட்சத்துக்குக் கீழே நில். இந்த மூன்றும் எந்தக் கடையில் ஒன்றாகக் கூடுகிறதோ அங்கே போய் உட்கார்.

டெஸ்ட் டிரைவ் வண்டியைச் சந்துக்குள் கொண்டுவரச் சொன்னோம். விற்பனைப் பையன் முனையில் நிறுத்திவிட்டு, "சேட்டா, அகத்தேக்கு வேணோ?" என்று தயங்கினான். உள்ளே வராத வண்டி எங்களுக்கு எதற்கு? கண்ணாடியை மடக்கி, கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே, ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக உருட்டி வந்தான். சாய்ந்த ஸ்லாபில் முன்சக்கரம் ஏறியதும் திரையில் மின்கம்பம் பெரிதாக வந்தது. மருமகள் ஒரு பக்கம் கையைத் தூக்கி நிறுத்தினாள். நடுவில் ஒரு விரற்கடை இடம்.

மறுவாரம் மற்ற வண்டியும் அதேபோல் வந்தது, அதே ஸ்லாபில் அதேபோல் சாய்ந்தது. கடைசியில் ஹெட்லைட்டின் உயரமும் அந்த மாத ஆன்-ரோடு விலையும் சேர்ந்து மேக்னைட் பக்கம் சாய்த்தன. பெரிய டிக்கி போனதில் மருமகளுக்கு வருத்தம்தான். பதிவு கே.எல். 43-இல் அவள் பெயரில் என்று முடிவானதும் கொஞ்சம் சமாதானமானாள். செய்தியைச் சொன்னபோது இக்கா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஞான் பறஞ்ஞில்லே" என்றார். என்ன கலர் என்று பிறகு கேட்டார்.

வண்டி வர இன்னும் மூன்று வாரம். அந்த ஸ்லாபை நிமிர்த்திப் போடச் சொல்லி வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதியாயிற்று, சந்திலுள்ள ஒன்பது வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கார் இல்லாத ஏழு வீட்டுக்காரர்கள்தான் முதலில் போட்டார்கள், மழைக்காலத்தில் அதில் தடுக்கி விழுவது அவர்கள்தானாம்.